அவருக்கே தெரியாது, தெரியுமா?

1944-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் இரண்டு பெரிய பேஸ்பால் லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் அதிக ‘சேவ்’ எடுத்தவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் பிலடெல்பியா அத்லெடிக்ஸ் அணியின் ஜோ பெர்ரி. மொத்தம் 12 சேவ். அணி முன்னிலையில் இருந்த 12 ஆட்டங்களைக் கைநழுவ விடாமல் கடைசியில் வந்து காப்பாற்றியிருக்கிறார் என்று அர்த்தம். ஆனால் தாம் முதலிடத்தில் இருந்தது ஜோ பெர்ரிக்கே தெரியாது, தெரியுமா? அந்த ஆண்டு மட்டுமல்ல, 1958-ல் கண்ணை மூடும் வரை தெரியாது!

எப்படித் தெரியும்? அப்படி ஒரு கணக்கே அப்போது அதிகாரபூர்வமாகக் கிடையாது. சிகாகோவின் விளையாட்டுப் பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் ‘சேவ்’ என்ற கணக்கை வகுத்தது பெர்ரி இறந்த பிறகு. அது அதிகாரபூர்வப் புள்ளிவிவரமானது 1969-ல். அதற்கப்புறம் ஆய்வாளர்கள் பழைய ஆட்டங்களின் ஸ்கோர் விவரங்களைப் புரட்டி, யார் யார் எந்தெந்த ஆட்டத்தைக் காப்பாற்றினார்கள் என்று ஒவ்வொன்றாக எண்ணினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தின் முதலிட வீரர்கள் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தார்கள். அவர்களைத் தேடிப் படிக்கப் படிக்க எனக்கு இரவில் தூக்கம் போனது. கிழவர்களும் சிறுவர்களும், கால் இழந்தவரும், அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவரும் அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள்!

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பந்தை எறிபவர் பிட்சர். அவர் நின்று எறியும் இடம் மைதான நடுவில் சற்று உயர்ந்த மேடு. கிரிக்கெட் போல ஆளுக்கு ஆறு பந்து என்று முறைவைத்து மாறிக்கொள்ளும் வழக்கம் இல்லை. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரே முடிந்தவரை எறிந்துகொண்டே இருப்பார். அவர் களைத்தாலோ அடி வாங்கினாலோ வெளியே எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் அன்றைக்கு அவர் திரும்ப வரவே முடியாது! அவருடைய இடத்துக்கு ஓடி வருபவர்தான் ரிலீஃப் பிட்சர். பல நேரம் எதிரணி ஆட்கள் பேஸ்களில் (ரன்னுக்காக ஓடிக் கடக்க வேண்டிய நிலைகளில்) நின்றுகொண்டு ரன்னுக்குத் துடிக்கும்போதுதான் கூப்பிடுவார்கள். மைதானத்தின் ஓரம் அவர் கையைச் சூடாக்கிக்கொண்டு காத்திருக்கும் இடத்துக்குப் பெயர் புல்பென். காளை அடைக்கும் பட்டி! எரிகிற வீட்டை அணைக்க வருகிறவர் என்பதால் அந்தக் காலத்தில் ரிலீஃப் பிட்சரை ‘ஃபயர்மேன்’ என்றும் அழைத்தார்கள்.

1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. அடுத்த மாதமே, 1942 ஜனவரி 15 அன்று, அதிபர் ரூஸ்வெல்ட் பேஸ்பால் ஆணையர் லேண்டிஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆட்டம் தொடரட்டும், உழைக்கிற மக்களுக்குப் பொழுதுபோக்கு தேவை, பகல் ஷிஃப்ட் முடிந்து வருபவர்கள் பார்க்க இரவு ஆட்டங்கள் கூடட்டும் என்பது அதன் சாரம். உலகப் போரின் நடுவே ஒரு நாட்டின் அதிபர் விளையாட்டுக்காக உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார்! ஆனால் வீரர்களுக்கு ராணுவத்திலிருந்து விலக்கு இல்லை. 500-க்கும் மேற்பட்ட பெரிய லீக் வீரர்கள் சீருடை மாற்றிக்கொண்டு போனார்கள். மிஞ்சியவர்கள் வயது கடந்தவர்கள், வயது வராதவர்கள், உடல் தகுதியில்லை என்று ராணுவம் திருப்பி அனுப்பியவர்கள்.

அந்த மிஞ்சியவர்களில் ஒருவர்தான் நம் ஜோ பெர்ரி. மெலிந்த தேகம். மேட்டில் நின்றால் ஒரு கணம் சும்மா இருக்க மாட்டார், பரபரப்பார். அதனால் பட்டப்பெயரே ‘நடுக்க ஜோ’. வாலிபம் முழுவதையும் கீழ்நிலை லீகுகளில் கழித்துவிட்டு, 37 வயதில் முதன்முறையாகப் பெரிய லீகில் தலைகாட்டி, 39 வயதில் உச்சத்துக்கு வந்தார். 1944-ல் 53 ஆட்டங்கள், அத்தனையும் ரிலீஃப்! ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த சராசரி ரன் 1.94. இரண்டுகூட இல்லை!

அவருடைய உண்மையான பெரிய நாள் 1945 ஜூலை 21. பிலடெல்பியாவின் ஷைப் பார்க் மைதானம். எதிரணி டெட்ராய்ட் டைகர்ஸ், அந்த ஆண்டு சாம்பியனை முடிவுசெய்யும் உலகத் தொடரையே வெல்லப்போகும் அணி. பெர்ரியின் அணியோ பட்டியலில் கடைசி. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தது, சமம். பேஸ்பாலில் சமம் என்றால் நிறுத்த மாட்டார்கள், முடிவு தெரியும் வரை ஆடுவார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு... 13 இன்னிங்ஸ் எறிந்துவிட்டு ரஸ் கிறிஸ்டோஃபர் ஓய்ந்தார். பெர்ரி மேட்டுக்கு வந்தார். அவர் எத்தனை இன்னிங்ஸ் எறிந்தார், தெரியுமா? பதினொன்று! ஒரு முழு ஆட்டத்தைவிட அதிகம்! அவற்றில் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை! எதிர்ப்பக்கம் லெஸ் ம்யூலர் என்ற டெட்ராய்ட் பிட்சர் 19 இன்னிங்ஸும் அதற்கு மேல் இரண்டு அவுட்டும் தனியாளாக எறிந்தார். அவர் ராணுவத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர். 24 இன்னிங்ஸ், 4 மணி 48 நிமிடம். ஸ்கோர் 1-1. பொழுது சாய்ந்தது. மைதானத்தில் விளக்குகள் இருந்தன! ஆனால் பகலில் தொடங்கிய ஆட்டத்துக்கு விளக்குப் போடக்கூடாது என்பது லீகின் விதி. நடுவர் இருட்டைக் காரணம் காட்டி ஆட்டத்தை நிறுத்தினார். பதினொரு இன்னிங்ஸ் கட்டிக் காத்த 40 வயது மனிதருக்கு அன்று வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. பிற்பாடு கண்டுபிடிக்கப்பட்ட சேவ் கணக்கிலும் அந்த நாளுக்கு இடமில்லை, ஏனென்றால் காப்பாற்ற ஒரு வெற்றி வேண்டுமே! பேஸ்பால் வரலாற்றில் நான் நேரில் பார்க்க ஆசைப்படும் ஒரே ஆட்டம் எது என்று கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

நாற்பது வயதுக்கே வாய் பிளக்காதீர்கள்! அதே 1944-ல் அமெரிக்கன் லீகில் மிக அதிக ஆட்டங்களில், 63 ஆட்டங்களில், எறிந்தவர் கிளீவ்லாந்தின் ஜோ ஹெவிங். வயது 43. பேரப்பிள்ளை எடுத்த தாத்தா! தாத்தாவும் சராசரியை இரண்டு ரன்னுக்குள்தான் வைத்திருந்தார். மறு ஆண்டு, 1945-ல், அமெரிக்கன் லீகின் சேவ் முதலிடம் நியூயார்க் யாங்கீஸின் ஜிம் டர்னருக்கு. 10 சேவ். ஆகஸ்டில் அவருக்கு 42 முடிந்தது. சீசன் இல்லாத மாதங்களில் அவர் தம் ஊரான நாஷ்வில்லில் குடும்பப் பால் பண்ணையைக் கவனித்தவர், அதனால் ‘பால்காரர் ஜிம்’. இவர் பெரிய லீகுக்கு வந்த கதையும் அதிசயம்தான். 33 வயதில் புதுமுகமாக வந்து அந்த ஒரே சீசனில் 20 ஆட்டங்கள் ஜெயித்தவர்!

நேஷனல் லீகுக்கு வருவோம். அணியின் முதன்மைப் பிட்சரை ‘ஏஸ்’ என்பார்கள், சீட்டுக்கட்டின் ஏஸ். நியூயார்க் ஜயன்ட்ஸில் ஒரு ரிலீஃப் பிட்சருக்குப் பெற்றோர் வைத்த பெயரே ஏஸ்! ஏஸ் டவுன்சென்ட் ஆடம்ஸ். 1942-ல் 61 ஆட்டங்கள். 1943-ல் 70! இருபதாம் நூற்றாண்டில் அதுவரை ஒரே சீசனில் எந்தப் பிட்சரும் 70 முறை மேட்டுக்கு ஏறியதில்லை. 1944-ல் 65, 1945-லும் 65. நான்கே ஆண்டுகளில் 261 ஆட்டங்கள், ஒரே கை! 70 என்ற அந்தச் சாதனை 1950-ல்தான் உடைந்தது.

ஏஸ் ஆடம்ஸோடு 1945-ல் 15 சேவ் எடுத்துச் சமநிலையில் நின்றவர் பிலடெல்பியா பில்லீஸின் ஆண்டி கார்ல். இவருடைய கணக்கைப் பார்த்தபோது நான் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். அந்த ஆண்டு பில்லீஸ் 108 ஆட்டங்கள் தோற்றது, 46 மட்டுமே வென்றது. அந்த 46-ல் வெற்றிபெற்ற பிட்சராக கார்லின் பெயர் இருப்பவை 8. அவர் கடைசியில் வந்து காப்பாற்றியவை 15. இரண்டும் சேர்ந்தால் 23. அணியின் மொத்த வெற்றிகளில் சரிபாதி! தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் இருந்துகொண்டு லீகில் முதலிடம்!

சரி, இத்தனை பேர் நின்று போராடிய அந்த மேட்டில் ஒரு பள்ளிச் சிறுவன் ஏறிய கதை தெரியுமா?

1944 ஜூன் 10, சின்சினாட்டியின் கிராஸ்லி ஃபீல்ட். ரெட்ஸ் அணி செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸிடம் 13-0 என்று நசுங்கிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் மேலாளர் பில் மெக்கெக்னி பெஞ்சைத் திரும்பிப் பார்த்து ஜோ நக்ஸாலைக் கூப்பிட்டார். ஒஹாயோவின் ஹாமில்டன் ஊர்ப் பையன், உயரமானவன், இடக்கைக்காரன். வயது 15 ஆண்டு 316 நாள்! ரெட்ஸ் ஆட்கள் முதலில் தேடிப் போனது பையனை அல்ல, அவன் அப்பாவை. பிள்ளைகுட்டிக்காரர் அவர், வரமாட்டேன் என்று சொல்ல, மகன்மேல் கண் விழுந்தது. மேலாளர் கூப்பிட்டதும் எழுந்து ஓடிய பையன் படியில் தடுக்கி விழுந்தான். எழுந்து மேட்டுக்குப் போனான். முதல் ஆள் அவுட்! சீக்கிரமே இரண்டாவது அவுட்டும் வந்தது! இன்னும் ஒன்றே ஒன்று. அங்கேதான், அடுத்து மட்டையோடு வரப்போவது யார் என்று பையன் பார்த்துவிட்டான். ஸ்டான் மியூசியல்! நாடே கொண்டாடிய மட்டையாளர். சில வாரங்களுக்கு முன் எட்டாவது, ஒன்பதாவது வகுப்புப் பிள்ளைகளுக்குப் பந்து எறிந்துகொண்டிருந்தவன் முன்னால் மியூசியல்! கை நிலைகொள்ளவில்லை. ஐந்து ‘வாக்’ (குறி தவறி நான்கு பந்து போனால் மட்டையாளருக்கு இலவசமாக ஒரு பேஸ்), இரண்டு அடி, ஐந்து ரன். மூன்றாவது அவுட் வரவே இல்லை, வெளியே எடுத்துவிட்டார்கள். ஆட்டம் 18-0. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவன் சராசரி 67.50!

பெரிய லீகில் நவீன காலத்தின் மிக இளைய வீரர் என்ற பெயரும் அந்த 67.50-ம் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டன. பையன் என்ன செய்தான்? வீட்டுக்குப் போய் மூலையில் உட்காரவில்லை. கீழ்நிலை லீகுகளில் எறிந்து, 1952-ல் அதே ரெட்ஸுக்குத் திரும்பினார். மொத்தம் 135 ஆட்டங்கள் வென்றார்! ஓய்வுக்குப் பிறகு அதே ரெட்ஸின் வானொலி வர்ணனையாளராகப் பல பத்தாண்டுகள் பேசினார். சின்சினாட்டியில் மூன்று தலைமுறை அவர் குரலைக் கேட்டு வளர்ந்தது. (இதற்கு முந்தைய ஆண்டு, 1943 செப்டம்பரில், பிலடெல்பியாவின் கார்ல் ஷைப் 16 வயதில் ரிலீஃப் பிட்சராக இறங்கினார். அமெரிக்கன் லீகின் மிக இளைய வீரர் அவர்தான்.)

போர் ஆட்களை மட்டுமா கொண்டுபோனது? பந்தையும் கொண்டுபோனது! பேஸ்பாலின் நடு மையத்தில் கார்க்கும் ரப்பரும் உண்டு. உலகின் ரப்பரில் பெரும்பங்கு அப்போது மலாயாவிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் வந்தது. அந்த மலாயாத் தோட்டங்களில் விடியற்காலை மரம் சீவிப் பால் எடுத்தவர்களில் பெரும்பான்மையோர் தமிழர்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ரப்பர் நின்றது. 1943-ல் அமெரிக்காவில் ரப்பருக்குப் பதில் பலாட்டா என்ற மரப்பிசினை வைத்துப் பந்து செய்தார்கள். அந்தப் பந்து செத்த பந்து! அடித்தால் போகவே இல்லை. மட்டையாளர்கள் கொதித்தார்கள், பிட்சர்கள் மகிழ்ந்தார்கள், சீசன் தொடங்கிச் சில வாரங்களிலேயே பந்தை மாற்ற வேண்டியதாயிற்று. அதே நேரத்தில் அந்தத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேரை ஜப்பானிய ராணுவம் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனது. திரும்பாதவர்கள் ஏராளம். சின்சினாட்டியில் ஒரு பந்து எழும்பாமல் போனதற்கும் நம் மக்களின் துயரத்துக்கும் நடுவில் ஒரே ஒரு கடல்தான் இருந்தது என்பதைப் படித்த நாளிலிருந்து இந்த ஆட்டத்தை என்னால் அந்நியமாகப் பார்க்க முடியவில்லை.

போருக்கு முன் ரிலீஃப் பிட்சர்களின் ராஜா யார் என்றால் யாங்கீஸின் ஜானி மர்ஃபி. அணியின் நட்சத்திரப் பிட்சர் லெஃப்டி கோமஸிடம் இந்த ஆண்டு எத்தனை ஆட்டம் ஜெயிப்பீர்கள் என்று கேட்டால், மர்ஃபியைக் கேளுங்கள் என்பாராம்! 1942-ல் அமெரிக்கன் லீகின் சேவ் முதலிடம் மர்ஃபிக்கு. 1943-ல் 12 வெற்றி, 4 தோல்வி. திடீரென்று 1944, 1945 இரண்டு சீசனும் ஆளைக் காணோம். எங்கே போனார், தெரியுமா? டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ்! ஆம், அணுகுண்டுக்கு யுரேனியம் செறிவூட்டிய அதே ரகசிய ஊர்! மான்ஹாட்டன் திட்டத்தில் வேலை பார்த்துவிட்டு 1946-ல் மறுபடி யாங்கீஸ் சட்டை போட்டார். பின்னாளில் நியூயார்க் மெட்ஸ் அணியின் பொது மேலாளரானார். 1969-ல் மெட்ஸ் உலகத் தொடரை வென்று நாட்டையே வியக்க வைத்தது. அதே 1969-ல்தான் சேவ் அதிகாரபூர்வமானது! அடுத்த ஜனவரியில் மர்ஃபி காலமானார். பெர்ரிக்குக் கிடைக்காதது மர்ஃபிக்குச் சில மாதங்களுக்காவது கிடைத்தது.

கணக்கில் வராமலே போன இன்னொருவரைச் சொல்லியே ஆகவேண்டும். கருப்பர்களுக்குப் பெரிய லீக் கதவு மூடியிருந்த காலம் அது. கான்சஸ் சிட்டி மொனார்க்ஸ் அணியில் சாட்செல் பெய்ஜ் என்ற மாபெரும் பிட்சர். கூட்டம் அவரைப் பார்க்கத்தான் வரும், எனவே தினமும் அவர் இறங்கியாக வேண்டும். முதல் மூன்று இன்னிங்ஸ் பெய்ஜ் எறிவார். மீதி ஆறு? ஹில்டன் ஸ்மித்! போஸ்டரில் பெய்ஜ் பெயர், வேலையில் இரண்டு பங்கு ஸ்மித்துக்கு. ‘சாட்செலின் ரிலீஃப்’ என்றே அவரைச் சொன்னார்கள். அவரோ தாமே ஆட்டத்தைத் தொடங்கி வெல்லக்கூடிய முதல்தரப் பிட்சர், வளைந்து விழும் அவருடைய பந்துக்கு எதிரிகள் அஞ்சினார்கள். 1942-ல் மொனார்க்ஸ் கருப்பர் லீகின் உலகத் தொடரை வென்றது. ஜாக்கி ராபின்சன் என்ற இளைஞரை மொனார்க்ஸ் உரிமையாளரிடம் பரிந்துரைத்ததும் ஸ்மித்தான் என்பார்கள். அந்த ராபின்சன்தான் 1947-ல் பெரிய லீகின் மூடிய கதவைத் திறந்தவர்! ஸ்மித் 1983-ல் இறந்தார். புகழ் மண்டபத்தில் அவர் பெயரைப் பொறித்தது 2001-ல். என்ன தாமதம் இது!

ரிலீஃப் பிட்சரே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஜப்பானைக் கேளுங்கள். 1942 மே 24, டோக்கியோவின் கொராக்குயென் மைதானம், நகோயாவும் தாய்யோவும் மோதின. அன்றைக்கு அங்கே அது மூன்றாவது ஆட்டம்! 28 இன்னிங்ஸ் போய் 4-4 என்று நின்றது. இரண்டு அணியிலும் பிட்சரை மாற்றவே இல்லை! நகோயாவின் நிஷிஸாவா 311 பந்து, தாய்யோவின் நொகுச்சி 344 பந்து! மறு ஆண்டு ஜப்பானிய லீகில் ஆங்கிலச் சொற்களையே ஒழித்தார்கள். ‘ஸ்ட்ரைக்’ என்று நடுவர் சொல்லக்கூடாது, ‘யோஷி’ என்று சொல்ல வேண்டும்!

மறுபடி அமெரிக்காவுக்கு வருவோம். ஹாய்ட் வில்ஹெல்ம் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் பல்ஜ் போர்க்களத்தில் காயம்பட்டவர். குண்டுச் சிதறலை முதுகிலேயே சுமந்துகொண்டு 29 வயதில் பெரிய லீகுக்கு வந்து, 50-ஐத் தொடச் சில நாட்கள் இருக்கும் வரை எறிந்தவர். 1,070 ஆட்டங்கள்! புகழ் மண்டபத்தில் நுழைந்த முதல் ரிலீஃப் பிட்சர் இவர்தான், 1985-ல்.

கடைசியாக வைத்திருப்பவர் பெர்ட் ஷெப்பர்ட். இவர் பெரிய லீகில் எறிந்தது ஒரே ஒரு ஆட்டம்.

இந்தியானாக்காரர், இடக்கைப் பிட்சர், கீழ்நிலை லீக் ஆட்டக்காரர். போர் வந்ததும் பி-38 போர் விமானம் ஓட்டினார். 1944 மே மாதம் ஜெர்மனிக்கு மேலே பறந்தபோது தரையிலிருந்து வந்த குண்டு வலது காலைத் துளைத்தது. நினைவு தப்பியது. விமானம் வயலில் விழுந்தது. கண் விழித்தபோது ஜெர்மன் மருத்துவமனை, முழங்காலுக்குக் கீழே வலது கால் இல்லை. கைதி முகாமில் கனடாக் கைதி ஒருவர் கிடைத்த பொருட்களை வைத்து ஒரு செயற்கைக் கால் செய்து கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு முகாமிலேயே ஷெப்பர்ட் பந்து எறிந்து பழக ஆரம்பித்தார்!

1945-ல் கைதிகள் பரிமாற்றத்தில் நாடு திரும்பினார். வாஷிங்டன் மருத்துவமனைக்கு வந்த போர்த்துறைத் துணைச் செயலர் ராபர்ட் பேட்டர்சன், இனி என்ன செய்ய ஆசை என்று கேட்டார். பேஸ்பால் ஆட வேண்டும் என்றார் கால் இழந்தவர். பேட்டர்சன் வாஷிங்டன் செனட்டர்ஸ் உரிமையாளர் கிளார்க் கிரிஃபித்துக்குச் சொல்ல, அணி அவரைச் சேர்த்துக்கொண்டது.

ஆகஸ்ட் 4. எதிரணி பாஸ்டன் ரெட் சாக்ஸ். நான்காவது இன்னிங்ஸில் பாஸ்டன் வெளுத்து வாங்கியது, அந்த ஒரே இன்னிங்ஸில் 12 ரன்! ரிலீஃபுக்கு வந்த ஜோ கிளியரி, அயர்லாந்தில் பிறந்தவர், ஒரே ஒரு அவுட் எடுப்பதற்குள் ஏழு ரன் கொடுத்தார். அவருக்கும் பெரிய லீகில் அதுதான் ஒரே ஆட்டம். மூன்று பேஸும் நிறைந்திருந்தது, இரண்டு அவுட். கூப்பிட்டார்கள். ஷெப்பர்ட் நடந்து வந்தார். மட்டையோடு நின்றவர் ஜார்ஜ் மெட்கோவிச். ஸ்ட்ரைக் அவுட்! அதோடு நிற்கவில்லை. ஆட்டம் முடியும் வரை அவரே எறிந்தார். 5 இன்னிங்ஸும் ஒரு அவுட்டும், மூன்றே அடி, ஒரே ரன்! 15-4 என்று வாஷிங்டன் தோற்றது. அந்தத் தோல்வியில் மைதானம் எழுந்து நின்றது அவருக்காக.

பெரிய லீக் அவரை மறுபடி எறியக் கூப்பிடவில்லை.  ஆனால் ஷெப்பர்டின் மனத்தில் ஒரு கேள்வி இருந்தது. விழுந்த விமானத்திலிருந்து என்னை வெளியே எடுத்தது யார்?

விடை கிடைக்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. கோபத்தோடு அந்த விமானத்தைச் சூழ்ந்துகொண்ட விவசாயிகளைத் துப்பாக்கியைக் காட்டித் தடுத்து நிறுத்தி, மயங்கிக் கிடந்த எதிரி நாட்டு விமானியை மருத்துவமனையில் சேர்த்தவர் ஜெர்மன் படையில் மருத்துவராக இருந்த லாடிஸ்லாஸ் லாய்டல் என்ற ஆஸ்திரியர். தாம் காப்பாற்றிய ஆள் பிழைத்தாரா என்பது அவருக்கும் தெரியாது. 1993-ல் ஆஸ்திரியாவில் இருவரும் சந்தித்தார்கள். இடக்கைப் பிட்சர் கையை நீட்டினார், மருத்துவர் பற்றிக்கொண்டார்.